நான்கு வாலிபர்களை உலகுக்குத் தந்த இசைத்தட்டுக் கடைக்காரர்

2016-ம் ஆண்டு மார்ச் மாதம். இங்கிலாந்தின் வட பகுதியில் ஓர் ஏலம் நடந்தது.

ஏலத்துக்கு வந்த பொருள் ஓர் இசைத்தட்டு. 10 அங்குல அகலம். பழைய 78 வேகத்தில் சுழலும் தட்டு. பல ஆண்டு காலம் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது.

அதன் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் அச்சு எழுத்து இல்லை. யாரோ பேனாவினால் பாட்டின் பெயரை எழுதியிருந்தார்.

அந்தத் தட்டு எவ்வளவுக்குப் போயிற்று தெரியுமா? 77,500 பவுனுக்கு! நம் பணத்தில் 70 லட்சம் ரூபாய்க்கும் மேல்!

தட்டில் பாடியவர்கள் பீட்டில்ஸ் கோஷ்டியினர். உலகமே அறிந்தவர்கள். பேனாவினால் எழுதியவர் யார்? அவர் பாடகர் அல்ல. வாத்தியக்காரரும் அல்ல. இசைத்தட்டு விற்ற கடைக்காரர். பெயர் பிரையன் எப்ஸ்டீன்.

பீட்டில்ஸ் பாட்டுக்காக அவர் படியேறி இறங்கிய கம்பெனிகள் பல. எல்லாரும் கை விரித்தார்கள். அவர் விடவில்லை. அதனால்தான் பீட்டில்ஸ் பாட்டை உலகம் கேட்டது.

மேஜை நாற்காலிக் கடை

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள துறைமுக நகரம் லிவர்பூல். அங்கே 1934-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி பிரையன் பிறந்தார். அன்று யூதர்களுக்கு மிகப் புனிதமான நோன்பு நாள்.

அவருடைய பாட்டனார் லித்துவேனியாவில் இருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர். லிவர்பூலில் மேஜை, நாற்காலி, கட்டில் விற்கும் கடை வைத்தார். கடை வளர்ந்தது. பக்கத்தில் இருந்த இசைக் கருவிக் கடையையும் குடும்பத்தார் வாங்கினார்கள். அதன் பெயர் நெம்ஸ். பின்னால் பீட்டில்ஸ் கோஷ்டியில் பெரும் புகழ் பெற்ற பால் மக்கார்ட்னியின் வீட்டுப் பியானோகூட இந்தக் குடும்பத்தாரின் கடையில் வாங்கியதுதான்!

பிரையன் வசதியான வீட்டில் பிறந்தார். ஆனால் படிப்பு ஏறவில்லை. 10 வயதில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து நீக்கப்பட்டார். பள்ளி மாறிப் பள்ளி மாறிச் சென்றார். யூதப் பையன் என்று மற்ற பிள்ளைகள் சீண்டினார்கள். தனிமையே துணை ஆயிற்று.

பெண்கள் உடுத்தும் அழகிய உடைகளுக்கு வடிவம் வரைந்து பிழைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். தந்தை சம்மதிக்கவில்லை. 16 வயதில் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

அங்கேதான் ஓர் அதிசயம் நடந்தது. கண்ணாடி வாங்க வந்த ஓர் அம்மாளிடம் பிரையன் பேச்சுக் கொடுத்தார். அந்த அம்மாள் 12 பவுன் விலையுள்ள சாப்பாட்டு மேஜையை வாங்கிக் கொண்டு போனார்! பையனுக்கு வியாபாரம் கை வந்த கலை என்று வீட்டார் கண்டு கொண்டார்கள்.

பட்டாளமும் நாடகமும்

1952-ல் கட்டாய ராணுவ சேவைக்குப் போனார். ராணுவம் அவருக்கு ஒத்து வரவில்லை. காலம் முடியும் முன்பே அனுப்பி விட்டார்கள்.

பிறகு நடிகராகும் ஆசை பிறந்தது. லண்டனில் உள்ள புகழ் பெற்ற நாடகப் பள்ளியில் 1956-ல் சேர்ந்தார். அதையும் பாதியில் விட்டு ஊர் திரும்பினார்.

பள்ளியில் தோல்வி. பட்டாளத்தில் தோல்வி. நாடகத்தில் தோல்வி. இனி என்ன செய்வது?

தந்தை ஒரு புதிய பொறுப்புக் கொடுத்தார். நெம்ஸ் கடையின் இசைத்தட்டுப் பிரிவை நடத்தச் சொன்னார். பிரையன் இரவு பகலாக உழைத்தார். 1959-ல் லிவர்பூலின் ஒயிட்சாப்பல் வீதியில் புதிய கடை திறக்கப்பட்டது. அதன் பொறுப்பும் அவருக்கே.

இல்லை என்று சொல்லாத கடை

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தட்டைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. கையிருப்பில் இல்லாவிட்டால் பெயரைக் குறித்துக் கொள்ள வேண்டும். எங்கிருந்தாவது தருவித்துக் கொடுக்க வேண்டும். ஒரே ஒருவர் கேட்டாலும் சரி!

எந்தத் தட்டு தீர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரிவதற்காகத் தட்டு உறைகளில் நூல் கட்டி அடையாளம் வைத்தார் பிரையன். எது விற்கிறது, எது தூங்குகிறது என்பது அவருக்கு அத்துப்படி. ஊரில் உள்ள இளைஞர்கள் எல்லாம் சனிக்கிழமை வந்தால் நெம்ஸ் கடையில் கூடினார்கள். வாங்குகிறவர்கள் சிலர். சும்மா கேட்டு விட்டுப் போகிறவர்கள் பலர்.

அப்போது லிவர்பூலில் ஒரு புது இசை வெள்ளம் பெருகிக் கொண்டிருந்தது. மூன்று கித்தார், ஒரு முரசு. இவ்வளவுதான் முதல். நான்கைந்து வாலிபர்கள் சேர்ந்தால் ஒரு கோஷ்டி! துள்ளலான தாளத்தில் பாடுவார்கள். பீட் இசை என்று அதற்குப் பெயர். இந்தக் கோஷ்டிகளின் செய்திகளுக்காகவே 1961 ஜூலையில் மெர்சி பீட் என்ற பத்திரிகை தோன்றியது. அது நெம்ஸ் கடையிலும் விற்றது. புதிய தட்டுகளைப் பற்றி அதில் பிரையனே எழுதினார்.

1961 அக்டோபர் கடைசியில் ஓர் இளைஞர் கடைக்கு வந்து ஒரு தட்டைக் கேட்டார். ஜெர்மனியில் பதிவான தட்டு. டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னால் வாசித்தவர்கள் லிவர்பூல் பையன்கள். கடையில் அது இல்லை. பிரையன் வழக்கம் போல் குறித்துக் கொண்டார். விசாரித்தார். அந்தப் பையன்கள் கடைக்குப் பக்கத்திலேயே பாடுகிறார்கள் என்று தெரிந்தது!

இதைப் பிரையனே தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பத்திரிகையில் எழுதியவருக்குப் பீட்டில்ஸ் பெயர் அதற்கு முன்பே தெரியாமல் இருக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. எப்படியானாலும் சரி, அவரைத் தேடிப் போகச் செய்தது தட்டுக் கடைக்காரரின் ஆவல்தான்.

பாதாள அறையில்

1961 நவம்பர் 9-ந் தேதி பகல். நல்ல கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்த பிரையன், தம் உதவியாளருடன் மாத்யூ வீதிக்குச் சென்றார். அங்கே ஒரு கிடங்கின் அடியில் கேவர்ன் என்ற இசை மன்றம் இருந்தது. குறுகலான படிகளில் இறங்கினார்.

உள்ளே இருட்டு. புழுக்கம். சுவரெல்லாம் ஈரம். மேடையில் தோல் சட்டை அணிந்த பையன்கள். பாட்டுக்கு நடுவே தின்றார்கள், புகைத்தார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள். ஆனால் அவர்கள் பாடத் தொடங்கியதும் கூட்டம் சொக்கிப் போயிற்று. கடைக்காரரும் சொக்கிப் போனார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களுக்கு நிர்வாகியாக இருக்க முன்வந்தார். அனுபவம்? ஒன்றும் இல்லை. நம்பிக்கை ஒன்றுதான் முதல்.

1962 ஜனவரி 24-ந் தேதி ஒப்பந்தம் எழுதப்பட்டது. நான்கு பையன்களும் கையெழுத்துப் போட்டார்கள். பிரையன் போடவில்லை! தாம் உதவாவிட்டால் அவர்கள் விலகிப் போகட்டும், அவர்களைக் கட்டிப் போடக் கூடாது என்பது அவர் எண்ணம். கையெழுத்து இல்லாத அந்த ஒப்பந்தப் பத்திரம் 2019-ல் லண்டனில் 2 லட்சத்து 75 ஆயிரம் பவுனுக்கு விலை போயிற்று!

பிரையன் பையன்களை மாற்றினார். தோல் சட்டைக்குப் பதில் ஒரே மாதிரி கோட்டு. மேடையில் தின்னக் கூடாது. புகைக்கக் கூடாது. பாட்டு முடிந்ததும் அனைவரும் ஒன்றாகக் குனிந்து வணங்க வேண்டும். நாடகப் பள்ளியில் பாதியில் விட்ட படிப்பு இங்கே உதவிற்று!

மூடிய கதவுகள்

1962 ஜனவரி 1-ந் தேதி டெக்கா கம்பெனி பீட்டில்ஸைப் பாட வைத்துச் சோதித்தது. 15 பாட்டுகள் பாடினார்கள். கம்பெனி வேண்டாம் என்று சொல்லி விட்டது. கித்தார் கோஷ்டிகளுக்கு இனி மவுசு இல்லை என்று அங்குள்ளவர்கள் கூறியதாகப் பிரையன் பின்னர் எழுதினார். அதே கம்பெனி வேறொரு கித்தார் கோஷ்டியை எடுத்துக் கொண்டது!

மற்றக் கம்பெனிகளும் கதவை மூடின. லிவர்பூலில் கடையைப் பார்ப்பார். ரயில் ஏறி லண்டன் போவார். வெறுங்கையுடன் திரும்புவார். ரயில் நிலையத்தில் பையன்கள் காத்திருப்பார்கள். அவர்களிடம் என்ன சொல்வது? அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்.

பிப்ரவரி மாதம். லண்டன் ஆக்ஸ்போர்டு வீதியில் உள்ள பெரிய இசைத்தட்டுக் கடைக்குப் போனார். நாடாவில் இருந்த பாட்டுகளைத் தட்டில் வெட்டிக் கொடுக்கும் வசதி அங்கே இருந்தது. மென்மையான பூச்சுப் பூசிய உலோகத் தட்டு அது. சில தடவை ஓட்டினாலே கோடுகள் தேயத் தொடங்கி விடும். விற்பதற்கான தட்டு அல்ல. கேட்கச் சொல்லிக் காட்டுவதற்கான தட்டு. பிரையன் அதில் தம் கையால் பாட்டின் பெயரை எழுதினார்.

தட்டை வெட்டியவருக்குப் பாட்டு பிடித்தது. அதே கட்டிடத்தில் இருந்த பாட்டுப் பதிப்பு அலுவலகத்துக்குப் பிரையனை அனுப்பி வைத்தார். அங்கிருந்து பார்லபோன் என்ற சின்னப் பிரிவின் தலைவர் ஜார்ஜ் மார்ட்டினுக்குச் செய்தி போயிற்று. கதவு திறந்தது!

பரணில் கிடந்து 2016-ல் ஏலத்துக்கு வந்தது இந்தத் தட்டுதான்.

முதல் தட்டு

1962 ஜூன் 6-ந் தேதி லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பீட்டில்ஸ் பாடினார்கள். ஆகஸ்டு மாதம் ஒரு கசப்பான வேலை. முரசு வாசித்த பீட் பெஸ்டை நீக்க மற்ற மூவரும் தீர்மானித்தார்கள். அதைச் சொல்லும் பொறுப்பு பிரையனுக்கு வந்தது. அவரே அழைத்துச் சொன்னார். ரிங்கோ ஸ்டார் வந்து சேர்ந்தார்.

அக்டோபர் 5-ந் தேதி முதல் தட்டு, லவ் மீ டூ, வெளியாயிற்று. விற்பனைப் பட்டியலில் 17-வது இடம் வரை ஏறியது. பிரையனே 10,000 தட்டுகளை வாங்கிக் குவித்தார் என்று ஊரில் பேச்சு. அவர் அதை மறுத்தார்.

அந்தத் தட்டை வானொலி நிலையங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்புவதற்காக 250 பிரதிகள் தனியாகப் போட்டார்கள். அதில் மக்கார்ட்னியின் பெயரே அச்சுப் பிழையுடன் வந்தது! இன்று இசைத்தட்டு சேகரிப்போர் அந்தப் பிழைக்காகவே அதைத் தேடி அலைகிறார்கள்.

1963-ல் லிவர்பூல் வெள்ளம் இங்கிலாந்தையே மூழ்கடித்தது. பிரையன் நிர்வகித்த ஜெரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் கோஷ்டியின் முதல் மூன்று தட்டுகளும் முதல் இடம் பெற்றன. கேவர்ன் மன்றத்தில் கோட்டு வாங்கி வைக்கும் வேலை செய்த சில்லா பிளாக் என்ற பெண்ணையும் பிரையன் பாடகியாக்கினார். பில்லி ஜே. கிரேமரும் அவருடைய பட்டியலில் ஒருவர்.

அடுத்தது அமெரிக்கா. எட் சலிவன் டெலிவிஷன் நிகழ்ச்சியில் மூன்று தடவை தோன்ற மொத்தம் 10,000 டாலர். தொகை சிறியது. ஆனால் பீட்டில்ஸ் பெயரே முதலில் வர வேண்டும் என்று பிரையன் வற்புறுத்தினார். 1964 பிப்ரவரி 9-ந் தேதி ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார்கள்!

கடைக்காரர் செய்த தவறு

தட்டு விற்பதில் பிரையனை வெல்ல ஆள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் ஏமாந்து போனார்.

பீட்டில்ஸ் படம் போட்ட பொருள்களுக்கு எங்கும் கிராக்கி. பொய் முடி, பொம்மை, பனியன், கோப்பை, சுவரில் ஒட்டும் காகிதம், பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் சாப்பாட்டுப் பெட்டி. இவற்றுக்கு அனுமதி கொடுக்கும் உரிமையைப் பிரையனின் வக்கீல் ஒரு புதிய கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். வருமானத்தில் நூற்றுக்கு 90 அந்தக் கம்பெனிக்கு. பீட்டில்ஸ் பக்கத்துக்கு வெறும் 10!

அமெரிக்காவில் பொருள்கள் குவியல் குவியலாக விற்றபோதுதான் தவறு தெரிந்தது. பங்கை உயர்த்தப் போராடினார். வழக்கு நடந்தது. வழக்கைக் கண்டு பயந்த பெரிய கடைகள் கொடுத்த ஆர்டர்களை ரத்து செய்தன. நஷ்டம் கோடிக் கணக்கில் என்று சொல்வார்கள். அந்த வேதனை பிரையனை விட்டு நீங்கவே இல்லை.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். அன்று சில்லறைக் காசுக்கு விற்ற அந்தப் பொம்மையும் பெட்டியும் இன்று சேகரிப்போர் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கும் பொருள்கள்!

இந்தச் சேகரிப்பில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் 78 வேகத் தட்டுகள் 1960-ஐ ஒட்டி நின்று விட்டன. இந்தியாவில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டிகள் பல வீடுகளில் இருந்தன. ஆகவே கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் பீட்டில்ஸ் பாட்டுகளை அரக்குத் தட்டுகளிலும் அச்சிட்டார்கள். கீழே விழுந்தால் உடையும் தட்டு. தப்பியவை கொஞ்சம். அவற்றுக்காக மேல் நாட்டார் பெரும் தொகை கொடுக்கிறார்கள்.

சேகரிப்போருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பீட்டில்ஸ் கையெழுத்து என்று விற்பதெல்லாம் அவர்கள் போட்டது அல்ல. ரசிகர்களின் தொல்லை தாங்காமல் அவர்களுடைய உதவியாளர்களே பல கையெழுத்துகளைப் போட்டுத் தள்ளினார்கள்!

மறைத்து வைத்த துயரம்

புகழ் வந்தது. பணம் வந்தது. லண்டனில் வீடு, கார், சொந்தப் பொறுப்பில் ஒரு நாடகக் கொட்டகை. ஆனால் மனத்தில் நிம்மதி இல்லை.

பிரையனின் மனம் பெண்களை நாடவில்லை. ஆண்களையே நாடியது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது சட்டப்படி குற்றம். வெளியே தெரிந்தால் சிறை. மானம் போகும். அவரை மிரட்டிப் பணம் பறிக்கப் பார்த்தவர்களும் உண்டு. வாழ்நாள் முழுவதும் ஒளித்து வாழ வேண்டியதாயிற்று. அந்தச் சட்டம் மாறியது 1967 ஜூலை 27-ந் தேதி. அதற்குப் பின் அவர் உயிரோடு இருந்தது சரியாக ஒரு மாதம்.

உறக்கம் வர மாத்திரை. விழித்திருக்க மாத்திரை. இப்படிப் பழகிப் போனார்.

1966 ஜூலையில் பிலிப்பைன்ஸ் நாட்டில் பெரும் தொல்லை. ஜனாதிபதியின் மனைவி அளித்த விருந்துக்குப் பீட்டில்ஸ் போகவில்லை. நாடே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று விமானம் ஏறினார்கள். வழியில் புது டில்லியில் தங்கி விட்டு லண்டன் திரும்பினார்கள். ஆகஸ்டு 29-ந் தேதி அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் நடந்ததே அவர்களுடைய கடைசிக் கட்டணக் கச்சேரி. இனி ஊர் ஊராகப் போவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

பயணம் ஏற்பாடு செய்வதே பிரையனின் பெரிய வேலை. அது நின்று விட்டது. 1967 அக்டோபரில் ஒப்பந்தமும் முடிகிறது. மறுபடியும் தம்மை வைத்துக் கொள்வார்களா? அன்று கையெழுத்துப் போடாமல் அவர்களுக்கு விடுதலை கொடுத்தவர், இன்று அவர்கள் விலகிப் போய் விடுவார்களோ என்று அஞ்சினார்.

ஜூலை 17-ந் தேதி தந்தை இறந்தார். பிரையன் தாய்க்கு ஆறுதலாக இருந்தார்.

1967 ஆகஸ்டு 27, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் வீட்டில் படுக்கை அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. தட்டினார்கள். பதில் இல்லை. கதவை உடைத்தார்கள். பிரையன் இறந்து கிடந்தார். வயது 32.

தூக்க மாத்திரை உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அளவு மீறி விட்டது. விபத்து மரணம் என்று விசாரணை முடிவு கூறியது.

அப்போது பீட்டில்ஸ் நால்வரும் வேல்ஸ் நாட்டில் பாங்கர் என்ற ஊரில், இந்தியாவில் இருந்து வந்த மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பழகிக் கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் செய்தி வந்தது. இடிந்து போனார்கள். லிவர்பூலில் நடந்த அடக்கத்துக்கு அவர்கள் போகவில்லை. போனால் கூட்டம் கூடி விடும், குடும்பத்தின் துக்கத்துக்கு மரியாதை இருக்காது என்று கருதினார்கள். அக்டோபரில் லண்டன் யூதத் தொழுகைக் கூடத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்தார்கள்.

அதன் பிறகு சொந்தமாகத் தொழில் நடத்திப் பார்த்தார்கள். கணக்கு குழம்பியது. சச்சரவு வளர்ந்தது. 1970-ல் கோஷ்டி உடைந்தது.

கடை வீதியில் ஒரு சிலை

2014-ல் அமெரிக்காவின் ராக் இசைப் புகழ் மண்டபத்தில் பிரையனின் பெயர் சேர்க்கப்பட்டது. அவர் இறந்து 55 ஆண்டு முடிந்த நாளில், 2022 ஆகஸ்டு 27-ந் தேதி, லிவர்பூல் ஒயிட்சாப்பல் வீதியில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பழைய கடை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சிலை நிற்கிறது. எங்கோ அவசரமாக நடந்து போகிற மாதிரி.

உலகில் பீட்டில்ஸ் தட்டுகளைச் சேர்ப்போர் எத்தனையோ பேர். ஒரு கீறல் இல்லாத தட்டுக்கு ஒரு விலை. உறை கிழியாமல் இருந்தால் அதற்கு மேல் ஒரு விலை. ஆனால் எல்லாத் தட்டுகளிலும் விலை கூடிய தட்டுகளில் ஒன்று, யாரும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த காலத்தில் ஒரு கடைக்காரர் கையில் இருந்த தட்டு.

கேட்ட தட்டை இல்லை என்று சொல்லாமல் தருவித்துக் கொடுத்தவர் அவர். அவர் கேட்ட நிம்மதியைத் தருவித்துக் கொடுக்கத்தான் எந்தக் கடையும் இல்லாமல் போயிற்று.